ரூம்மேட்டும் உங்கள் லேப்டாப்பும்: எந்தப் பூட்டு யாருக்குச் சரி?

ஒரு அறையில் நான்கு பேர், லேப்டாப் இரண்டு. கல்லூரி ஹாஸ்டலிலும் சரி, வேளச்சேரி, பெருங்குடிப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து எடுக்கும் பேச்சிலர் ரூமிலும் சரி, இதுதான் வழக்கமான கணக்கு. லேப்டாப் இல்லாதவருக்கும் அசைன்மென்ட் உண்டு. அவரும் ரெஸ்யூமே திருத்த வேண்டும், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வேண்டும். முதலில் கேட்டு வாங்குவார். கொஞ்ச நாளில் கேட்பது நின்றுவிடும். நீங்கள் குளித்துவிட்டு வரும்போது உங்கள் கட்டிலில் உட்கார்ந்து உங்கள் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்பது இதுதான்: பாஸ்வேர்டு போட்டால் போதுமா, பீரோவில் வைத்துப் பூட்டுவதா, இல்லை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதா? ஒவ்வொரு வழிக்கும் ஒரு செலவு இருக்கிறது. சிலவற்றில் அது பணம், சிலவற்றில் உங்கள் நேரம், சிலவற்றில் அறையில் நிலவும் சுமுகம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டுவதோடு நிறுத்தினால் பிரச்சினை வேறு வடிவத்தில் திரும்பி வரும். ரூம்மேட்டுக்கு உண்மையான தேவை இருக்கிறது என்றால், கேட்டு வாங்கிப் பயன்படுத்த ஒரு தனி வாசலையும் சேர்த்தே வைக்க வேண்டும். அது ஏன், எப்படி, எந்த இடத்தில் அது பொருந்தாது என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், உங்களை உறுத்துவது எது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் தொடுவதே பிடிக்கவில்லையா, இல்லை உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயமா? இரண்டும் வேறு. கீபோர்டில் பிரியாணிக் கை படுவதும், பேட்டரி காலியாகிக் கிடப்பதும் முதல் வகை. உங்கள் மெயில், வங்கிக் கணக்கு, சொந்தப் புகைப்படங்கள் இரண்டாம் வகை. முதல் வகைக்கு பீரோ பூட்டு போதும். இரண்டாம் வகைக்கு அது பாதிப் பாதுகாப்புகூடக் கிடையாது.

அடுத்தது, எடுப்பவர் யார்? தேவைக்காக எடுக்கும் நண்பரா, சும்மா நோண்டிப் பார்க்கும் ஆளா, வேண்டுமென்றே உங்கள் விஷயங்களைத் தேடுபவரா? முதலாமவரைச் சமாளிக்கும் வழியில் மூன்றாமவரைச் சமாளிக்க முடியாது. மூன்றாமவருக்குப் போடும் பூட்டை நண்பருக்குப் போட்டால் நட்புதான் போகும்.

மூன்றாவது, லேப்டாப் உங்களுடையதா, கம்பெனி கொடுத்ததா?

நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை. பூட்டு உங்களையே வெளியே நிறுத்திவிட்டால் திரும்ப உள்ளே போக வழி இருக்கிறதா? கடுமையான பூட்டு போட்டுவிட்டு, ப்ராஜெக்ட் ரெவியூவுக்கு முந்தைய ராத்திரி சாவி தெரியாமல் தவிப்பது ரூம்மேட் படம் பார்ப்பதைவிடப் பெரிய இழப்பு.

கடைசியாக, தினமும் செய்ய முடிகிற வேலையா என்பது. மூன்று நாள் கடைப்பிடித்து நான்காம் நாள் விட்டுவிடுகிற பாதுகாப்பை நம்பிப் பயனில்லை.

## வழி 1: வாய்விட்டுச் சொல்வது

காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் பெரும்பாலானோர் இதைத்தான் கடைசியில் செய்கிறார்கள். "சின்ன விஷயத்துக்கு எதுக்கு மூஞ்சிய காட்டணும்" என்று பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் எல்லோர் முன்னிலும் வெடிக்கும்போது விஷயம் லேப்டாப்பைத் தாண்டிப் போய்விடுகிறது. வாடகைப் பாக்கி, பாத்திரம் கழுவாதது எல்லாம் அந்தச் சண்டைக்குள் வந்துவிடும்.

சொல்வதாக இருந்தால் தனியாக இருக்கும்போது, காரணத்தோடு, கேட்டால் தருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மச்சான், லேப்டாப் வேணும்னா கேளு, குடுக்குறேன். நான் இல்லாதப்ப மட்டும் எடுக்காதடா. பேங்க், மெயில் எல்லாம் அதுல ஓபன்லயே இருக்கு." இவ்வளவுதான். லேடீஸ் ஹாஸ்டலில் எடுப்பவர் வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் தயக்கமாக இருக்கும். "அக்கா, எடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. பாதி வேலைய சேவ் பண்ணாம வச்சிருப்பேன்" என்று சொன்னால் மரியாதையும் குறையாது, எல்லையும் தெரிந்துவிடும்.

இந்த வழி பலிப்பது, எடுத்தது ஓரிரு முறைதான் என்றால், எடுத்தவர் நண்பர் என்றால். இரண்டு முறை சொல்லியும் எடுக்கிறார் என்றால் மூன்றாம் முறை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த வழிக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, எந்தத் தொழில்நுட்ப வழியை எடுத்தாலும் இந்தப் பேச்சு வேண்டும். ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தவருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் பாஸ்வேர்டு திரை வந்து நின்றால் தன்னைத் திருடனாக நினைத்துவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

## வழி 2: பின், பாஸ்வேர்டு, கைரேகை

லேப்டாப் வைத்திருக்கும் எல்லோரும் செய்ய வேண்டிய அடிப்படை இது. விண்டோஸில் பின் எனும் ரகசிய எண்ணை வைத்துவிட்டு, இடத்தை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரலுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். மறந்துவிட்டாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

விண்டோஸில் டைனமிக் லாக் என்று ஒரு வசதி உண்டு. ப்ளூடூத்தில் இணைத்த போனோடு நீங்கள் விலகிப் போனால் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொள்ளும். பெரிய அலுவலகத்தில் நல்ல வசதி. பத்துக்குப் பத்து அறையில் இதை நம்ப வேண்டாம். வராந்தா கோடியில் இருக்கும் பாத்ரூமுக்குப் போனாலும் ப்ளூடூத் எட்டும் தூரத்துக்குள்தான் இருப்பீர்கள். போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனால் சுத்தமாக வேலை செய்யாது.

சரி, இதன் மறைவான செலவு என்ன? ரூம்மேட்டுக்கு உங்கள் பிறந்தநாள் தெரியும், வண்டி நம்பர் தெரியும், ஊர் பின்கோடும் தெரியும். பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்தால் நான்கு இலக்கத்தில் விரல் எங்கே போகிறது என்பதும் தெரியும். நான்கு இலக்கம் வேண்டாம். விண்டோஸ் பின்னில் எழுத்துகளையும் சேர்க்கலாம், அந்த வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். கைரேகை வசதியானதுதான். ஆனால் தூங்குபவரின் விரலை எடுத்து வைத்துத் திறக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அறையில் ஒருவர் மேல் அந்த அளவுக்குச் சந்தேகம் இருந்தால் ராத்திரியில் லேப்டாப் அணைந்தே இருக்கட்டும், கைரேகை வசதியும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. "பாஸ்வேர்ட் என்னடா, ஒரு பிரிண்ட் எடுக்கணும்" என்று போனில் கேட்பார். வெளியூரில் இருப்பீர்கள், சொல்லிவிடுவீர்கள். அந்த ஒரு பதிலோடு முழு லேப்டாப்பையும் கொடுத்துவிட்டீர்கள். விண்டோஸில் குரோம் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளைத் திறந்து பார்க்கப் போனால் அது கேட்பது இந்த விண்டோஸ் பின்னைத்தான். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயை லேப்டாப்பில் சேமித்திருந்தால் அதற்கும் இதே பின்தான். அவர் தேட மாட்டார் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம். ஆனால் அவர் அந்த பின்னை அறையில் இன்னொருவரிடம் சாதாரணமாகச் சொல்வார், அவரைப் பொறுத்தவரை அது ரகசியமே இல்லை.

அதனால் தனியாக இருப்பவருக்கும், ரூம்மேட்டுகள் எல்லோரிடமும் சொந்த லேப்டாப் இருக்கும் அறைக்கும் இந்த வழி மட்டுமே போதும். லேப்டாப் இல்லாத நண்பர் இருக்கும் அறையில் போதாது. கேட்டுக் கேட்டு ஒரு நாள் பின்னை வாங்கிவிடுவார்கள்.

## வழி 3: ரூம்மேட்டுக்குத் தனிக் கணக்கு

என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் நண்பர் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். உங்கள் குரோமைத் திறந்து அவருடைய ஜிமெயிலில் நுழைகிறார். ஒரு வேலை விண்ணப்பத்தைத் திறக்கிறார். பெயர் கட்டத்தில் முதல் எழுத்தை அடித்ததும் உங்கள் பெயர், உங்கள் போன் நம்பர், உங்கள் ஊர் முகவரி எல்லாம் தானாக நிரம்புகின்றன. அவர் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புகிறார். இன்டர்வியூ அழைப்பு உங்கள் போனுக்கு வருகிறது, யாரோ என்று நீங்கள் கட் செய்கிறீர்கள். அவருடைய மெயில் உங்கள் குரோமில் லாக் அவுட் ஆகாமல் கிடக்கிறது. அவர் இறக்கிய ஆதார் நகல் உங்கள் டவுன்லோட்ஸில் இருக்கிறது. யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை, ஆனால் இருவருக்குமே நஷ்டம். தனிக் கணக்கு இருந்தால் இதில் ஒன்றுகூட நடக்காது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, அக்கவுன்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ், அதில் ஆட் அக்கவுன்ட். மைக்ரோசாஃப்ட் மெயில் கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்பதைத் தட்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ‘ரூம்’ என்று பெயர் வைத்தால் போதும். இப்படி உருவாகும் கணக்கு ஸ்டாண்டர்டு வகையாக இருக்கும். அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றிவிடாதீர்கள். முழுக் கணினிக்குமான மென்பொருளை நிறுவப் போனால் உங்கள் பின்னைக் கேட்கும், அதனால் கண்ட இடத்தில் இறக்கிய கிராக் செய்த கேம் உங்கள் லேப்டாப்பில் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மேக்கில் கெஸ்ட் யூசர் என்று தயாராகவே இருக்கிறது. வெளியேறியதும் அதில் இருந்த ஃபைல்கள் அழிந்துவிடும். ஆனால் ஃபைல்வால்ட் என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் கெஸ்ட்டுக்கு சஃபாரி பிரவுசர் மட்டும்தான் கிடைக்கும், வேர்டில் அசைன்மென்ட் அடிக்க முடியாது. லினக்ஸ் மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்பில் கெஸ்ட் செஷனை அனுமதிக்கலாம்.

ஒரு முக்கியமான ஓட்டை இருக்கிறது, இதைச் சொல்லாமல் தனிக் கணக்கைப் பரிந்துரைப்பது தவறு. விண்டோஸ் உங்கள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை மற்ற ஸ்டாண்டர்டு கணக்குகளின் கண்ணிலிருந்து மறைத்துவைக்கும். டி டிரைவை மறைக்காது. நம்மூரில் லேப்டாப் வாங்கியதும் கடைக்காரரோ நண்பரோ டிஸ்க்கைப் பிரித்து, சி டிரைவ் சிஸ்டத்துக்கு, டி டிரைவ் சொந்த ஃபைல்களுக்கு என்று வைத்துக் கொடுப்பது வழக்கம். கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், சம்பள ஸ்லிப் எல்லாம் அந்த டி டிரைவில்தான் இருக்கும். ரூம்மேட் தன் கணக்கில் நுழைந்து டி டிரைவைத் திறந்தால் அத்தனையும் அப்படியே தெரியும், அழிக்கவும் முடியும். ஆகவே தனிக் கணக்கு உருவாக்கும் அன்றே அந்தரங்கமான ஃபோல்டர்களை உங்கள் டாகுமென்ட்ஸுக்குள் மாற்றிவிடுங்கள். படங்களும் பாட்டும் டி டிரைவிலேயே இருக்கட்டும், அவரும் பார்த்துக்கொள்ளட்டும்.

வேறு செலவுகளும் உண்டு. உங்கள் கணக்கை லாக் அவுட் செய்யாமல் அவர் கணக்குக்கு மாறினால் உங்கள் மென்பொருள்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இதில் திணறிவிடும். அவருடைய ஃபைல்கள் உங்கள் டிஸ்க்கில் இடம் பிடிக்கும். பேட்டரி, கீபோர்டு தேய்மானம் உங்களுடையதுதான். அந்த லேப்டாப்பிலிருந்து, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் அவர் தப்பான ஏதாவது செய்தால் முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான். ‘ரூம்’ கணக்குக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்து, கேட்கும்போது நீங்களே அடித்துத் திறந்துகொடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் எடுக்கலாம் என்று மனதார ஒப்புக்கொண்டால் மட்டும் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள்.

## வழி 4: பீரோ, பெட்டி, கேபிள் பூட்டு

லேப்டாப்பைத் தொடவே கூடாது என்றால் கண்ணில் படாமல் வைப்பதுதான் வழி. ஹாஸ்டல் அலமாரிக்கு ஒரு நல்ல பூட்டு, இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டி. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள், லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. திருட்டு பயத்துக்கும் இதுவே மருந்து.

அன்றாடத்துக்கு இது ஒத்துவருவதில்லை. டீ குடிக்கக் கீழே போகும்போதெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டும் ஆளை நான் பார்த்ததில்லை. அதோடு, ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பை மூடிய அலமாரிக்குள் வைத்தால், அது உள்ளேயே விழித்துக்கொண்டு சூடேற வாய்ப்பு இருக்கிறது. சென்னை மே மாத வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டை மாடி அறையில் இது பேட்டரிக்கு நல்லதல்ல. முழுக்க ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

கேபிள் பூட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய துளையில் மாட்டி மேசைக் காலோடு கட்டும் கென்சிங்டன் வகைப் பூட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் தடுக்கும். அங்கேயே உட்கார்ந்து திறந்து பயன்படுத்துவதைத் தடுக்காது. ரூம்மேட் பிரச்சினைக்கு அதை வாங்குவது வீண். பல மெல்லிய லேப்டாப்களில் அந்தத் துளையே இருப்பதில்லை.

சார்ஜரைக் கையோடு எடுத்துப் போகும் தந்திரமும் இப்போது அவ்வளவாகப் பலிக்காது. டைப்-சி சார்ஜர் அறைக்கு மூன்று இருக்கிறது.

## வழி 5: என்கிரிப்ஷனும் பயாஸ் பாஸ்வேர்டும்

விண்டோஸ் பின் வைத்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பத்திரம் என்று நினைக்கிறோம். என்கிரிப்ட் செய்யாத டிஸ்க் என்றால், ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து உங்கள் ஃபைல்களைப் படித்துவிடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் ரூம்மேட்டுக்கு இது பெரிய வித்தை இல்லை. அதைத் தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன்தான். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் வன்பொருள் ஒத்துழைத்தால் டிவைஸ் என்கிரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் நிறுவும்போதே தேர்ந்தெடுக்கும் லக்ஸ். பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே இது தானாக இயங்கத் தொடங்கியிருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு என்ன? விண்டோஸில் 48 இலக்க மீட்புச் சாவி. பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, மதர்போர்டு மாற்றிய பிறகோ லேப்டாப் அதைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் போனிலேயே எடுத்துவிடலாம். எங்கும் சேமிக்கவில்லை என்றால் ஃபைல்கள் போனது போனதுதான், சர்வீஸ் சென்டரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி ஊரில் வீட்டில் வைத்துவிடுங்கள், அறையில் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். என்கிரிப்ஷன் காப்பது பூட்டியோ அணைத்தோ வைத்த லேப்டாப்பைத்தான். நீங்கள் லாகின் செய்து திறந்து போட்டுவிட்டுப் போனால் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

பயாஸ் பாஸ்வேர்டை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். லேப்டாப்பை ஆன் செய்யும்போது கேட்குமே தவிர, ஸ்லீப்பிலிருந்து எழும்போது பெரும்பாலும் கேட்காது. நாம் யாரும் லேப்டாப்பை அணைப்பதே இல்லை, மூடி மட்டும் வைக்கிறோம். மறந்துவிட்டால் பழைய கம்ப்யூட்டர் போல உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டிச் சரிசெய்வதும் இன்றைய பல லேப்டாப்களில் முடியாது. வாங்கிய பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டும்.

## வழி 6: ஆதாரம் பார்ப்பது

யாரோ எடுக்கிறார்கள் என்ற சந்தேகம்தான், உறுதி இல்லை என்றால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து பவர்-டிரபிள்ஷூட்டர் பதிவுகளைப் பாருங்கள். லேப்டாப் எப்போது ஸ்லீப்புக்குப் போனது, எப்போது எழுந்தது என்று நேரத்தோடு இருக்கும். நீங்கள் ஆபீஸில் இருந்த பகல் பதினொரு மணிக்கு அது எழுந்திருந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் சில லேப்டாப்கள் அப்டேட்டுக்காகத் தாமாகவே எழும், அதனால் இதை மட்டும் வைத்து ஒருவர் மேல் பழி போட்டுவிடாதீர்கள். பிரவுசர் ஹிஸ்டரியும் ஒத்துவந்தால் பேசலாம்.

இதற்கு மேல் போகாதீர்கள். கீலாகர் போட்டு அவர் அடிக்கும் பாஸ்வேர்டைப் பிடிப்பது, வெப்கேமை மறைவாக ஓடவிட்டு அறையைப் படம் பிடிப்பது எல்லாம் உங்களைத்தான் குற்றவாளியாக்கும். அறையில் உடை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

## வழி 7: அறைக்குப் பொதுவாக ஒரு பழைய லேப்டாப்

இதை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. எல்லோரும் பங்கு போட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப் வாங்கலாம். யாராவது பள்ளியில் வாங்கிய அரசு இலவச லேப்டாப் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தால் செலவே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. வெளியேறும் நாளில் அது யாருக்கு என்பதை வாங்கும்போதே பேசிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்திருக்கப்போகும் அறைக்கு இது அருமையான ஏற்பாடு.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நண்பர் எடுப்பதை நிறுத்துமா | தேடித் துருவுபவரை நிறுத்துமா | மறைவான இழப்பு |
|---|---|---|---|---|
| பேசுவது | இல்லை | பெரும்பாலும் ஆம் | இல்லை | தள்ளிப்போட்டால் சண்டை |
| பின், பூட்டுத் திரை | இல்லை | பின்னைச் சொல்லும்வரை | ஓரளவு | ஒருமுறை சொன்னால் எல்லாம் திறந்துவிடும் |
| தனிக் கணக்கு | அரை மணி நேரம் | ஆம் | ஓரளவு | டி டிரைவ் திறந்தே இருக்கும் |
| பீரோ, பெட்டி | பூட்டின் விலை | ஆம் | பூட்டைப் பொறுத்தது | தினமும் செய்வது கடினம், சூடு |
| என்கிரிப்ஷன் | பதிப்பைப் பொறுத்தது | தனியாக இல்லை | ஆம், பூட்டியிருந்தால் | மீட்புச் சாவி தொலைந்தால் ஃபைல்கள் போகும் |
| ஆதாரம் பார்ப்பது | இல்லை | இல்லை | இல்லை | தவறான பழி |
| பொது லேப்டாப் | பங்குப் பணம் | ஆம் | இல்லை | பராமரிப்பு யார் பொறுப்பு |

## யாருக்கு எது

நண்பர், லேப்டாப் இல்லாதவர், தேவைக்காக எடுக்கிறார். வழி 1, 2, 3 மூன்றும் சேர்த்து. பேசுங்கள், உங்கள் பின்னை மாற்றுங்கள், அவருக்கு ஒரு கணக்கு திறந்துகொடுங்கள். இந்த வரிசை முக்கியம். பின்னை மாற்றிவிட்டு மறுநாள் பேசினால் கசப்பு வந்துவிடும்.

புது ஹாஸ்டல், யாரையும் இன்னும் தெரியாது. முதல் நாளிலிருந்தே பின், என்கிரிப்ஷன். தனிக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் லேப்டாப்பைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் மறுப்பதைவிட, முதலிலேயே கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற பழக்கம் வருவது எல்லோருக்கும் எளிது.

கம்பெனி லேப்டாப். இங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. யாருக்கும், ஐந்து நிமிடத்துக்கும் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் தகவல் உள்ள இயந்திரம், அதில் நடப்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வேலையே போகலாம். மறுப்பதும் இங்கே சுலபம்: "ஆபீஸ் லேப்டாப் மச்சான், வேற யாரும் தொட்டா எனக்கு மெமோ வரும்." உண்மையும் அதுதான். தனிக் கணக்கு திறக்கவும் முயலாதீர்கள், ஏற்கெனவே யாராவது பயன்படுத்தியது தெரிந்தால் மறைக்காமல் ஐடி பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.

சொந்தப் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறார், நகலெடுத்திருக்கிறார், உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்திருக்கிறார். இது ரூம்மேட் சங்கடம் இல்லை, குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினியில் நுழைவதையும் தரவை நகலெடுப்பதையும் இழப்பீடு கொடுக்க வேண்டிய செயலாக வைக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், மற்றவற்றுக்கு தேசிய சைபர் கிரைம் புகார் தளம் இருக்கிறது. ஹாஸ்டல் என்றால் வார்டனிடம் எழுத்தில் கொடுங்கள். ஹிஸ்டரியை அழித்துவிடாமல், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் அறையை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் பொறுத்துப்போவது நல்ல குணமாகாது, அதிலும் பெண்கள் இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

## உங்கள் பின் ஏற்கெனவே அறைக்கே தெரியும் என்றால்

இன்று ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பாருங்கள். தெரியாத கணினி எது இருந்தாலும் லாக் அவுட் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் எப்போதும் திறந்திருக்கும் பழக்கம் இருந்தால் அதன் பிரைவசி அமைப்பில் ஸ்க்ரீன் லாக் போட்டுவிடுங்கள். பிறகு கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை வெளியேற்றிவிட்டு மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற பல கணக்குகளின் பாஸ்வேர்டை அதன் வழியாக மாற்றிவிட முடியும். அடுத்து வங்கி. கடைசியில் விண்டோஸ் பின்.

குரோமில் வேறு யாருடைய கணக்காவது லாகின் ஆகிக் கிடந்தால் அவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே வெளியேறச் சொல்லுங்கள். டவுன்லோட்ஸில் இருக்கும் அவருடைய ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, புதிதாகத் திறந்த ‘ரூம்’ கணக்கை அப்போதே அவருக்குக் காட்டிவிடலாம்.